துணி ஓடற நாள் கம்மி, காத்துக் கெடக்கற நாள்தான் எச்சு: சப்ளை செயின் படிப்புன்னா என்ன, படிச்சா எங்க வேலை

போன ஞாயித்துக்கெழம அவிநாசில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான், காலேஜ்ல சப்ளை செயின் எடுக்கறேங்கறான், மாமாவுக்கு அது மனசுக்கு ஒப்பல. "ஏன் மாப்ள, லோடு ஏத்தித் தாட்டி உடறதுக்கு எதுக்கு மூணு வருச டிகிரி? எங்க பெரியப்பா பையன் எட்டாவதோட நின்னவன், இன்னைக்கு சங்ககிரில 6 லாரி ஓடுது அவனுக்கு"ன்னு கேட்டாரு. கேள்வி நியாயமானதுதான். இதே கேள்விய திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் நெறைய வீட்டுல கேக்கறாங்க, ஏன்னா நம்ம ஊருல சரக்கு அனுப்பறது ஒரு படிப்புன்னு யாரும் நெனைக்கல, அது பொறந்ததுலருந்து பார்த்துப் பழகுன வேலை. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில பிளானிங் பார்க்கறவன், 15 வருசத்துக்கு மேல ஆச்சு. மாமாகிட்ட அன்னைக்கு சொன்னத இங்க இன்னும் கொஞ்சம் வெளக்கமா எழுதறேன், உங்க வீட்டுலயும் ஒரு புள்ள இந்தக் கோர்ஸ் கேட்டுட்டு நிக்கலாம்.

மொதல்ல ஒரு டீ-ஷர்ட்ட எடுத்துக்கங்க. ஐரோப்பால இருக்கற பையர் 10,000 பீஸ் ஆர்டர் குடுக்கறான், 90 நாள் டைம்னு வெச்சுக்குவோம். நூல் வாங்கி நிட்டிங் போட்டு, டையிங், காம்பாக்டிங் (துணி அப்பறம் சுருங்காம அழுத்தி எடுக்கறது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், அப்பறம் தூத்துக்குடி. இதுல மிசின் ஓடற நாள மட்டும் நான் ஒரு ஆர்டருக்கு உக்காந்து எண்ணிப் பார்த்தேன், 25 நாளத் தாண்டல. அப்ப மீதி 65 நாள் என்ன ஆச்சு? லேப் டிப்புங்கற கலர் சாம்பிளுக்கு பையர் அப்ரூவல் வரட்டும்னு துணி நிக்குது, டையிங்ல நம்ம பேட்ச்சுக்கு முன்னால வேற ஆள் பேட்ச் இருக்குது, தையல் முடிஞ்சு பீஸ் கெடக்குது ஆனா கேர் லேபிள் வரல, பெட்டி கட்டி வெச்சாச்சு ஆனா பையரோட இன்ஸ்பெக்சன் ஆள் வியாழக்கெழமதான் வருவாராம், அவர் பாஸ் பண்ணுன அப்பறம் கண்டெய்னர் கெடைக்கல. எல்லாமே காத்துக் கெடக்கறதுதான். சப்ளை செயின் படிப்போட உயிர் எங்க இருக்குதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன், சரக்கு எங்கெங்க காத்துக் கெடக்குது, ஏன் கெடக்குது, அப்படிக் கெடக்கறப்ப யாரோட பணம் முடங்கிக் கெடக்குது, இதக் கண்டுபுடிக்கறதுக்கான படிப்பு அது. லாரி அதுல ஒரு கண்ணி, அவ்வளவுதான்.

அந்த கேர் லேபிள் சமாச்சாரத்த சும்மா உதாரணத்துக்கு சொல்லல. நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருசம் நடந்தது. தொவைக்கற சின்னம் போட்ட துக்கடா லேபிள், பைசாக் கணக்குல வெல. அதுல துணியோட கலப்பு சதவீதம் தப்பா பிரிண்ட் ஆகி வந்துருச்சு, மறுபடி அடிக்கக் குடுத்து வாங்கறதுக்குள்ள 11 நாள் ஓடிப்போச்சு, கப்பல் போயிருச்சு. பையர் ஒத்துக்கல, ஏர்ல அனுப்புன்னுட்டான், அதுவும் எங்க செலவுல. அந்த ஆர்டர்ல கெடைக்க வேண்டிய லாபம் பூரா விமானக் கட்டணத்துலயே கரைஞ்சு, மேல கையிலருந்தும் போச்சு. தைச்சவங்க மேல ஒரு தப்பும் இல்ல, ராத்திரி பகலா தைச்சுக் குடுத்தாங்க. லேபிள எப்ப ஆர்டர் போடணும், ஆர்ட்ஒர்க்க யார் பார்த்து ஓகே சொல்லணும்னு ஒரு தேதி யாருமே குறிச்சு வெக்கல. தைக்கறவங்களோட உழைப்பு இப்படி ஒரு காயிதத்துண்டுல வீணாப் போறதப் பார்த்ததுக்கு அப்பறம்தான் இந்தத் தொழில நான் வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சேன்.

இந்தப் பேருக்கு வயசு கம்மிங்க. 'சப்ளை செயின் மேனேஜ்மெண்ட்'ங்கற வார்த்தைய 1982ல கீத் ஆலிவர்ங்கற ஆலோசகர் ஒரு பத்திரிகைப் பேட்டில சொன்னாருன்னுதான் பொதுவா சொல்றாங்க. அதுக்கு முன்னால பர்ச்சேஸ் ஒரு டிபார்ட்மெண்ட், ஸ்டோர்ஸ் ஒரு டிபார்ட்மெண்ட், டெஸ்பாட்ச் ஒண்ணுன்னு தனித்தனி, ஒருத்தர் கணக்கு ஒருத்தருக்குத் தெரியாது. இதையெல்லாம் சேர்த்து ஒரே சங்கிலியா பாருங்கங்கறதுதான் புதுசு. ஆனா உள்ள இருக்கற கணக்கு பழசு, ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்குனா ஆர்டர் செலவும் ஸ்டாக் வெச்சிருக்கற செலவும் சேர்ந்து கம்மியா வரும்ங்கற சூத்திரத்த ஃபோர்டு ஹாரிஸ்ங்கற அமெரிக்க இஞ்சினியர் 1913லயே எழுதிட்டாரு, அதத்தான் இன்னைக்கும் மொத வருசத்துல நடத்தறாங்க. கண்டெய்னரும் அப்படித்தான், 1956 ஏப்ரல்ல மால்கம் மெக்லீன்ங்கற அமெரிக்க லாரித் தொழில்காரர் 58 பெட்டிய ஒரு கப்பல்ல ஏத்தி நியூவார்க்லருந்து ஹூஸ்டனுக்கு அனுப்புனாரு, இன்னைக்கு நம்ம ஊரு பனியன் அமெரிக்காவுல கட்டுபடியாகற வெலைல விக்குதுன்னா அதுல அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு இருக்குது.

கோர்ஸ்ல நடத்தறதுல எனக்கு ரொம்பப் புடிச்சது 'புல்விப்'னு ஒண்ணு, மாட்டுச் சாட்டை மாதிரின்னு அர்த்தம். சாட்டைய கையில லேசா ஆட்டுனாப் போதும், நுனி எங்கயோ போயி அடிக்கும். நம்ம பம்புசெட்ட வெச்சு சொல்றேன். பொள்ளாச்சில ஒரு டீலர் மாசம் 10 பம்பு விக்கறாரு. ஒரு மாசம் வெயில் சாஸ்தியாகி 13 வித்துருச்சு, அடுத்த மாசம் பத்தாமப் போயிருமோன்னு 18 ஆர்டர் போடறாரு. மேல இருக்கற டிஸ்ட்ரிபியூட்டர் நாலஞ்சு டீலர் இப்படிக் கேக்கறதப் பார்த்துட்டு அவரு பங்குக்கு ஏத்திக் கேக்கறாரு, கம்பெனி இன்னும் ஏத்தி பிளான் போடுது, கடைசில பம்புக்கு இரும்பு வார்த்துக் குடுக்கற ஃபவுண்டரிக்காரருக்குப் போறப்ப ஆர்டர் ரெண்டு பங்கு மூணு பங்காகி நிக்குது, அவரு கடன் வாங்கி பிக் அயர்ன் எறக்கி ஆள் எச்சா போட்டு வார்ப்பு ஊத்தறாரு. அதுக்குள்ள கோடை மழை நல்லாப் பேஞ்சுருச்சு. டீலர் ஆர்டர நிறுத்துனாரு, வரிசையா எல்லாரும் நிறுத்துனாங்க, ஃபவுண்டரி வாசல்ல வார்ப்பு துருப்புடிச்சுக் கெடக்குது. இத்தனைக்கும் தோட்டத்துக்காரர் எச்சா வாங்குனது 3 பம்புதான். அமெரிக்காவுல இருக்கற எம்.ஐ.டி.ல 1960கள்லருந்தே இத ஒரு வெளையாட்டா வெச்சு மாணவர்களுக்குக் காட்டறாங்க, 1997ல ஹவ் லீ, பத்மநாபன், வாங்னு மூணு பேராசிரியருங்க இது ஏன் நடக்குதுன்னு தெளிவா எழுதுனாங்க. அவங்க சொன்னதோட சாரம், இதுல யாரும் முட்டாள்தனமா நடந்துக்கல, அவங்கவங்க எடத்துலருந்து பார்த்தா எல்லாரும் சரியாத்தான் செய்யறாங்க, கடைசில எத்தன வித்துச்சுங்கற உண்மையான கணக்கு மட்டும் மேல வரைக்கும் போய்ச் சேரல. கணபதிலயும் பீளமேட்டுலயும் சின்னப் பட்டறை வெச்சிருக்கறவங்க பட்ட கஷ்டத்துல பாதிக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கறேன், ஆனா நாம அத நேரம் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிடறோம்.

இன்னொரு விசயம், இந்தப் படிப்புக்கு நம்ம கொங்கு நாடு மாதிரி ஒரு லேப் வேற எங்கயும் கெடைக்காதுங்க. நாமக்கல்ல கோழி முட்டை போடறத நிறுத்தாது, லாரி ஸ்டிரைக்குன்னாலும் போடும், பண்டிகைன்னாலும் போடும், அப்ப தெனமும் வித்தே ஆகணும், அதனாலதான் அங்க தெனசரி வெல அறிவிக்கறாங்க. ஈரோட்டு மஞ்சள் அதுக்கு நேர் எதிரு, வருசத்துல ஒரு அறுவடை, விக்கறது 12 மாசமும், அதனால அங்க குடோன்தான் தொழிலே, வெல ஏறட்டும்னு வருசக்கணக்கா மூட்டைய வெச்சிருக்கற விவசாயிங்க இருக்கறாங்க. பனியன்ல ஆர்டர் வந்தாத்தான் நூலே வாங்கறோம். பம்புல வெயில் வர்றதுக்கு முன்னாலயே செஞ்சு அடுக்கி வெக்கணும். மேட்டுப்பாளையம் மண்டில ஊட்டிக் காய்கறி எறங்குனா மணிக்கணக்குதான், சாயங்காலத்துக்குள்ள போகலன்னா வாடிப்போயிரும். பாடப்புத்தகத்துல அஞ்சு அத்தியாயமா இருக்கறது நமக்கு பஸ்சுல ரெண்டு மூணு மணி நேர தூரத்துக்குள்ள இருக்குது.

அடி வாங்குன அனுபவமும் நமக்கு இருக்குது. 2011 ஜனவரில ஐகோர்ட்டு உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைங்க மூடுனப்ப நிட்டிங் ஓடுச்சு, தையல் தயாரா இருந்துச்சு, நடுவுல ஒரே ஒரு கண்ணி அறுந்ததுல ஊரே நின்னு போச்சு, துணிய வெளியூருக்கு அனுப்பி சாயம் போட்டு கொண்டு வந்தாங்க. சாயக்கழிவால நொய்யல் ஆறு கெட்டதுக்கு நாமதான் காரணம், அந்தத் தீர்ப்பு தேவையானதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஒரே எடத்த நம்பி மொத்தத் தொழிலும் நிக்கறது எவ்வளவு ஆபத்துன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. 2021 மார்ச்சுல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன் கப்பல் 6 நாள் குறுக்கால மாட்டுனதும், 2023 கடைசில செங்கடல் தாக்குதலால கப்பல்கள் ஆப்பிரிக்காவ சுத்திப் போக ஆரம்பிச்சு ஐரோப்பாவுக்கு 10, 15 நாள் எச்சா ஆனதும், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல 50% வரி போட்டதும் எல்லாமே இதே பாடத்தோட வேற வேற பரீட்சைதான். இப்படி ஒரு நாள் விடிஞ்சா மாத்துவழி என்னன்னு ரோசனை பண்ணி வெச்சிருக்கற ஆளத்தான் கம்பெனிங்க இப்ப தேடறாங்க.

சரி, கையில புடிச்சுப் பார்க்கற மாதிரி ஒரு கணக்கு. நம்ம அட்டைப்பெட்டி நீளம் 60, அகலம் 40, உசரம் 40 சென்டிமீட்டர்னு வெச்சுக்கங்க. 40 அடி ஹைகியூப் கண்டெய்னருக்கு உள்ள நீளம் கிட்டத்தட்ட 12.03 மீட்டர், அகலம் 2.35, உசரம் 2.69. பெட்டிய நீளவாக்குல வெச்சா கணக்குப்படி 20 வரும், ஆனா பேக் பண்ணுன பெட்டி கொஞ்சம் உப்பும், அதனால 19தான் போகும். அகலத்துல அப்படி 4 வரிசை, மிச்சம் இருக்கற எடத்துல ஒரு வரிசைய திருப்பிப் போட்டா அதுல 29. ஆக ஒரு அடுக்குக்கு 105 பெட்டி. உசரத்துல 40, 40ஆ அடுக்குனா 6 அடுக்கு, மொத்தம் 630. மேல கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர் சும்மா காத்துதான் இருக்கும், அந்தக் காத்துக்கும் சேர்த்துத்தான் நாம வாடகை கட்டறோம். இப்ப மடிக்கற முறைய மாத்தி பெட்டி உசரத்த 36 ஆக்கறோம்னு வெச்சுக்கங்க, 7 அடுக்கு போயிரும், 735 பெட்டி. அதே கண்டெய்னர், அதே வாடகை, 105 பெட்டி எச்சா. ஆனா இத கடைசி நாள்ல செய்ய முடியாது, பையர்கிட்ட ஆர்டர் ஆரம்பத்துலயே மடிப்பு மாத்த அப்ரூவல் வாங்கியிருக்கணும், அட்டைப்பெட்டிக்காரர்கிட்ட புது அளவு சொல்லியிருக்கணும். 4 சென்டிமீட்டர் கணக்குத்தான், ஆனா மடிக்கறவங்க, பெட்டி செய்யறவங்க, பையர், கண்டெய்னர் எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கற ஒரு ஆள் வேணும்.

இப்ப எங்க படிக்கறதுங்கறதுக்கு வர்றேன். டிகிரி அளவுல பி.காம்லயும் பி.பி.ஏ.லயும் லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் சேர்த்து கோயமுத்தூர் பக்கம் கலைக் கல்லூரிகள்ல வந்துருச்சு. சென்னைல இருக்கற லாஜிஸ்டிக்ஸ் செக்டார் ஸ்கில் கவுன்சில் கல்லூரிகளோட சேர்ந்து, படிக்கறப்பவே கம்பெனில அப்ரண்டிஸா வேலை செஞ்சு உதவித்தொகையும் வாங்கற மாதிரி டிகிரி நடத்தறாங்க, வீட்டு நெலம சுமாரா இருக்கற புள்ளைகளுக்கு இது நல்ல வழி. இஞ்சினியரிங்ல போறவங்க மெக்கானிக்கல், புரொடக்சன் முடிச்சுட்டு எம்.பி.ஏ.ல ஆபரேசன்ஸ் எடுக்கலாம், தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட், ஐ.ஐ.எம்.க்கு கேட் (CAT)னு நுழைவுத்தேர்வு இருக்குது. இந்தத் துறைல நாட்டுலயே பேரு வாங்குனது மும்பைல இருந்த நைட்டி (NITIE)ங்கற நிறுவனம், 2023ல ஐ.ஐ.எம். மும்பை ஆயிருச்சு. துறைமுகம், கப்பல் பக்கம் ஆசை இருந்தா சென்னைய தலைமையிடமா வெச்சு 2008ல ஆரம்பிச்ச இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்குது. வதோதரால ரயில்வே நடத்துன பல்கலைக்கழகம் 2022ல கதி சக்தி பல்கலைக்கழகமா மாறி போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸுக்குன்னே நிக்குது.

இங்க ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கோவத்தோடதான் சொல்றேன். விமானம் படம் போட்டு கோட்டு சூட்டு போட்ட புள்ளைங்க படம் போட்டு ஏர்போர்ட்ல வேலை நிச்சயம்னு நோட்டீஸ் குடுக்கற எடங்கள் இருக்குது. எங்க தெருவுல ஒரு புள்ள அப்படி ஒரு எடத்துல ஒரு வருசம் லட்சக்கணக்குல கட்டிப் படிச்சுது, கடைசில பார்த்தா அந்த சர்டிபிகேட்டுக்கு எந்தப் பல்கலைக்கழக அங்கீகாரமும் இல்ல, அவங்கப்பா அதுக்காக வித்தது ரெண்டு கறவை மாடு. சேர்றதுக்கு முன்னால எந்தப் பல்கலைக்கழகம் டிகிரி குடுக்குதுன்னு எழுத்துல கேளுங்க, போன வருசம் முடிச்ச புள்ளைங்க ரெண்டு பேரு நம்பர் வாங்கி நேர்ல பேசுங்க. குடுக்க மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க.

பாடத்துல கணக்குக்குப் பயப்படற புள்ளைங்க முன்னாலயே தெரிஞ்சுக்கணும், புள்ளியியல் வரும், ஆபரேசன்ஸ் ரிசர்ச் வரும், எந்த குடோன்லருந்து எந்தக் கடைக்கு அனுப்புனா மொத்தச் செலவு கம்மின்னு கட்டம் போட்டு கணக்குப் போடுவாங்க. கூடவே காஸ்டிங், ஏற்றுமதி இறக்குமதிச் சட்டம், ஜி.எஸ்.டி., எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். மாதிரி வணிக நிபந்தனைங்க. எஃப்.ஓ.பி.ன்னா சரக்கு கப்பல்ல ஏறற வரைக்கும் பொறுப்பு நம்முது, ஏறுனதுக்கு அப்பறம் பையரோடது, சி.ஐ.எஃப்.ன்னா கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நாமளே கட்டணும், இந்த வரிய சரியாப் புரிஞ்சுக்காம நஷ்டப்பட்டவங்க எத்தன பேரு. எக்செல் தண்ணி பட்ட பாடா இருக்கணும், கம்பெனியோட ஸ்டாக்கு, கணக்கு எல்லாம் ஒரே எடத்துல பார்க்கற எஸ்.ஏ.பி. மாதிரி ஒரு சாப்ட்வேர் தொட்டுப் பார்த்திருந்தா இன்னும் நல்லது.

வேலைன்னு பார்த்தா திருப்பூர்ல பையர்கிட்ட பேசி ஆர்டர நடத்தற மெர்ச்சண்டைசிங், உற்பத்திக்குப் பிளான் போடற பி.பி.சி., ஷிப்பிங் டாகுமெண்டேசன். கரூர்ல வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிலயும் இதேதான். கோயமுத்தூர்ல பம்பு, வார்ப்பு, ஆட்டோ பாகம் செய்யற கம்பெனில பர்ச்சேஸ், வெண்டார் டெவலப்மெண்ட், பிளானிங். பர்ச்சேஸ்ங்கறது பேரம் பேசறது மட்டும் இல்ல, சப்ளையர் பட்டறைக்குப் போய் மிசின் எப்படி இருக்குது, அவருக்கு மூலப்பொருள் யார் குடுக்கறாங்கன்னு பார்த்து, அவரையும் வளர்த்து விடறது. தூத்துக்குடி, கொச்சில சரக்க கப்பல்ல புக் பண்ணி அனுப்பிக் குடுக்கற ஃபார்வர்டிங் கம்பெனிங்க. சரக்குக்கு சுங்க அனுமதி வாங்கிக் குடுக்கற கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸுக்குத் தனியாப் பரீட்சை இருக்குது, கஷ்டமான பரீட்சைதான், பாஸ் பண்ணிட்டா சொந்தக் கால்ல நிக்கலாம். ஆன்லைன் கம்பெனி குடோன்கள், மருந்து, பால், முட்டைக்கான குளிர்சங்கிலி, சென்னை ஒரகடம் பக்கம் கார் கம்பெனிங்க, பெங்களூர்ல பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எவ்வளவு விக்கும்னு கணிக்கற டிமாண்ட் பிளானிங், இப்படிப் போயிட்டே இருக்கும். பொம்பளப் புள்ளைங்க இதுக்கு வேண்டாம்னு சொல்ற வீடுங்க இருக்குது, எங்க ஆபீஸ்ல இன்னைக்கு பிளானிங் பாதிக்கு மேல பொண்ணுங்கதான் பார்க்கறாங்க, சொன்ன தேதிக்கு சரக்க எடுத்து நிறுத்தறாங்க.

சம்பளம் மொத ரெண்டு மூணு வருசம் கம்மியாத்தான் இருக்கும், அத மறைச்சு சொல்லக்கூடாது. மாசக் கடைசில ராத்திரி 11 மணிக்கு கண்டெய்னர் சீல் போட்டு அனுப்புன அப்பறம்தான் வீட்டுக்கு வரமுடியும். ஐ.டி. வேலையோட ஒப்பிட்டா ஆரம்பத்துல மனசு நோகும். ஆனா அஞ்சாறு வருசம் ஒரு தொழில்ல முழுசா உள்ள எறங்கிட்டவங்களுக்கு நம்ம ஊருல டிமாண்ட் கொறையறதில்ல, தனியா சின்னதா தொழில் ஆரம்பிக்கறப்பவும் இந்த அனுபவம்தான் கை குடுக்குது. 2017 ஜூலைல ஜி.எஸ்.டி. வந்து வாளையார் செக்போஸ்ட்ல லாரிங்க நாள் கணக்குல நின்ன காலம் போச்சு, 2018 ஏப்ரல்லருந்து சரக்கோட போற ஆன்லைன் அனுமதிச் சீட்டு, இ-வே பில் வந்துச்சு, குடோன எங்க வெக்கறதுங்கற கணக்கே மாறிப்போச்சு. மாமாவோட பெரியப்பா பையன் 6 லாரியும் ஓடறது அந்த மாத்தத்துக்குள்ளதான், இப்ப அவருக்கே திரும்பி வர்றப்ப காலி வண்டி வராம ரிட்டர்ன் லோடு புடிச்சுக் குடுக்க, டீசலு, டோலு, டயருன்னு கிலோமீட்டர் கணக்கு எழுத ஒரு படிச்ச ஆள் வேணும்னு மாமாவே சொன்னாரு.

நான் பையன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டேன், "கண்ணு, காலேஜ் தொறக்க இன்னும் நாள் இருக்குது, அது வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல வந்து நில்லு, புடிச்சா சேரு." வந்தான். மொத நாள் துணி ரோல் எண்ணச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல 40 ரோல்னு காட்டுது, இவன் ரெண்டு தடவ எண்ணியும் 33தான் வருது. ஸ்டோர்ஸ் அண்ணன் திருட்டுப் போயிருக்கும்னு பதறிட்டாரு. இவன் மேசை டிராயர்ல கெடந்த டெலிவரி சலான் கட்ட எடுத்து ஒவ்வொண்ணா பார்த்திருக்கான், 7 ரோல் ரெண்டு நாளைக்கு முன்னாலயே காம்பாக்டிங்குக்குப் போயிருக்குது, சலான் எழுதியிருக்குது, கம்ப்யூட்டர்ல ஏத்தல. அந்த 7 ரோல் வரலைன்னு கட்டிங் மாஸ்டர் ரெண்டு நாளா டேபிள காலியா வெச்சுட்டு உக்காந்திருக்காரு, காம்பாக்டிங்ல கேட்டா வேலை முடிஞ்சு நேத்தே கட்டி வெச்சாச்சு, யாரும் எடுக்க வரலைங்கறாங்க. பையன் மினி டோர் புடிச்சுப் போய் எடுத்துட்டு வந்து எறக்கிட்டு பொழுதோட எனக்கு போன் பண்ணுனான். "மாமா, அந்தத் துணி ரெண்டு நாளா சும்மாவே கெடந்துருக்குது மாமா"ன்னான்.